கடனில் தவிக்கும் நாட்டுக்குள் பெருந்தொற்று நுழைந்தால்

கொரோனா இந்தியாவுக்கும் வந்தது, இலங்கைக்கும் வந்தது. அங்கே மட்டும் ஏன் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள்? 2022இல் கேரளத்தின் புனலூர், குளத்துப்புழைப் பக்கத்தில் பலரும் கேட்ட கேள்வி இது. இங்கே இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைக் குடியமர்த்தியது இங்குள்ள ரப்பர் தோட்டங்களில்தான். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாக மலையேறி இறங்கினால் வருகிற இந்த ஊர்களில் வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். இலங்கை மலையகத்தின் அட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் எங்களுக்கு இன்னும் சொந்தங்கள் இருக்கிறார்கள். அவர்கள் போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு "அப்படி என்னதான் நடந்தது?" என்று திகைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

முதலில் தேதிகளைக் கவனியுங்கள். இலங்கையில் ஊரடங்கு தொடங்கியது 2020 மார்ச்சில். நோய் மிகக் கடுமையாக இருந்தது 2021 ஆகஸ்ட், செப்டம்பரில். நாடு விழுந்ததோ 2022 மார்ச், ஏப்ரலில். அதற்குள் பெரும்பாலானவர்களுக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. சுற்றுலாப் பயணிகள்கூடத் திரும்ப வரத் தொடங்கியிருந்தார்கள். நோய் தணிந்த பிறகு ஒரு நாடு ஏன் விழ வேண்டும்?

நோய் அந்த நாட்டிடமிருந்து பறித்தது கால அவகாசத்தை. கடனில் இருக்கும் நாடு கடனால் உடனே சாய்ந்துவிடுவதில்லை. ஒரு வருமானம் குறைந்தால் இன்னொன்றை வைத்துச் சமாளிக்கிறது. பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குகிறது. அப்படியே பல ஆண்டுகள் ஓட்டவும் முடியும். பெருந்தொற்று வரும்போது இந்த வழிகள் எல்லாம் ஒரே சமயத்தில் அடைபடுகின்றன. பிறகு மிஞ்சுவது சேர்த்து வைத்த டாலர் கையிருப்பு மட்டும். அது தீரும் நாளில் நாடு விழுகிறது. இலங்கையில் அது தீர இரண்டு ஆண்டுகள் ஆயின.

மாநிலத்தின் கடனும் நாட்டின் கடனும்

கேரள அரசுக்கும் கடன் அதிகம் என்று செய்திகளில் படிக்கிறோம். ஆனாலும் 2020 ஏப்ரல் முதல் இங்கே ரேஷன் கடைகளில் அரிசியோடு இலவச மளிகைக் கிட்டும் கிடைத்தது. ஆரியங்காவுச் சோதனைச் சாவடியில் ஆட்களுக்குப் பாஸ் கேட்டார்கள், திருப்பி அனுப்பினார்கள், அந்த வேதனை தனி. ஆனால் தென்காசிப் பக்கத்துப் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிய லாரிகள் வந்துகொண்டுதான் இருந்தன. அந்தக் காய்கறிக்குக் கொடுக்க வேண்டியது ரூபாய். கேரளத்திலும் ரூபாய், தென்காசியிலும் அதே ரூபாய்.

இதுதான் மையமான விஷயம். ஒரு மாநிலம் தனக்கு வேண்டியதை வாங்க வெளிநாட்டுப் பணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. புனலூரில் ஊற்றும் பெட்ரோலுக்கான டாலரைப் பற்றிய கவலை நாட்டுடையது. இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு பெருந்தொற்றுக் காலத்தில் உயர்ந்தது. 2021 ஜூனில் அது 60,000 கோடி டாலரைத் தாண்டியது. மாநிலங்கள் கடன் வாங்கும் வரம்பையும் 2020–21ஆம் ஆண்டுக்கு மட்டும் மாநிலத்தின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தினார்கள், நிபந்தனைகளோடு. கேரளம் கஷ்டப்பட்டது, உண்மை. ஆனால் காசு இருந்தும் கடையில் சரக்கு இல்லை என்ற நிலை இங்கே வரவில்லை.

இலங்கை ஒரு நாடு. தன் ரூபாயை அது அச்சிட்டுக்கொள்ளலாம். எரிபொருளையும் கோதுமையையும் மருந்தையும் பால்மாவையும் விற்கிறவர்கள் அந்த ரூபாயை வாங்க மாட்டார்கள். டாலர் வேண்டும். டாலரை அச்சிட முடியாது, சம்பாதிக்க வேண்டும் அல்லது கடன் வாங்க வேண்டும்.

2019இல் இலங்கையின் சரக்கு ஏற்றுமதி சுமார் 1,200 கோடி டாலர், இறக்குமதி சுமார் 2,000 கோடி டாலர். இடையில் 800 கோடி பள்ளம். அதை நிரப்பியவை இரண்டு. ஒன்று சுற்றுலா, 2018இல் சுமார் 440 கோடி டாலர் தந்தது. மற்றொன்று வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம், அதே ஆண்டில் சுமார் 700 கோடி. வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் உழைப்பும் இந்த இரண்டாவது கணக்கில் இருக்கிறது. இவை இரண்டும் சேர்ந்தால் பள்ளம் நிரம்பி மிச்சமும் இருக்குமே என்று தோன்றும். அந்த மிச்சம் பழைய கடனுக்கான வட்டிக்கும் தவணைக்கும் போய்விடும், அதற்கும் போதாது. போதாததற்குப் புதுக்கடன். 2007 முதல் இலங்கை உலகச் சந்தையில் டாலர் கடன் பத்திரங்களை விற்று வந்தது. உலக வங்கி தரும் சலுகைக் கடன்போல் அல்ல இவை. வட்டி அதிகம், முதிர்வு நாளில் முழு அசலையும் ஒரே தொகையாகக் கொடுக்க வேண்டும். சீனாவின் கடனால்தான் இலங்கை அழிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. சீனக் கடன் சிறியதல்ல, ஆனால் கழுத்தை இறுக்கியதில் பெரும் பங்கு இந்தப் பத்திரங்களுடையது.

நோய்க்கு முன்பே நடந்தவை

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டே சுற்றுலா சரிந்தது.

அதே ஆண்டு நவம்பரில் கோத்தபய ராஜபக்ச அதிபரானார். வந்த வேகத்தில் வரிகளைக் குறைத்தார். மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் வியாபாரம் இருந்தாலே அந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்றிருந்த வரம்பை 30 கோடிக்கு உயர்த்தினார்கள். ஏராளமான நிறுவனங்கள் வரி வலையை விட்டே வெளியேறின. நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 12.5 சதவீதமாக இருந்த அரசு வருவாய் அடுத்த ஆண்டில் 9 சதவீதம் அளவுக்கு விழுந்தது. நோயும் இதில் ஒரு காரணம்தான், ஆனால் வரிக்குறைப்பு நோய் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே செய்யப்பட்டுவிட்டது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பிற்பாடு எல்லாப் பழியையும் கிருமியின் தலையில் போடுவது ஆட்சியாளர்களுக்கு வசதியாக இருந்தது என்பதுதான். கிருமி வந்தபோது கஜானாவின் கதவு ஏற்கெனவே திறந்து கிடந்தது.

2019 முடிவில் கையிருப்பு சுமார் 760 கோடி டாலர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழிகள் அடைபட்ட விதம்

2020 மார்ச்சில் விமான நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டது, 2021 ஜனவரியில்தான் திறந்தது. 2018இல் 23 லட்சம் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021 முழுவதும் வந்தவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. ஓட்டல் சிப்பந்தி, வேன் ஓட்டுநர், கடற்கரையில் இளநீர் விற்பவர் எல்லோருக்கும் வேலை போனது. அதோடு நாட்டுக்கு வரும் டாலரும் போனது. ஒரு வீட்டின் வருமானம் போவது கண்ணுக்குத் தெரிகிறது. நாட்டின் டாலர் போவது யார் கண்ணுக்கும் உடனே தெரிவதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தின் கதை விசித்திரமானது. 2020இல் அது குறையவில்லை, 700 கோடியைத் தாண்டிச் சற்றே கூடியது. ஊரில் வீட்டார் தவிக்கிறார்கள் என்று இருந்ததை எல்லாம் அனுப்பினார்கள். விமானங்கள் நின்றதால் கையில் கொண்டுவரும் வழியும் இல்லை, வங்கி வழியாகவே வந்தது. விழுந்தது அடுத்த ஆண்டில். டாலருக்குச் சுமார் 200 ரூபாய் என்று அரசு விலையைப் பிடித்து வைத்தது. வெளிச்சந்தையில் அதைவிட அதிகம் கிடைத்தது. வியர்வை சிந்திச் சம்பாதித்தவர் அதிகம் கிடைக்கும் வழியில்தானே அனுப்புவார்? உண்டியல் முறையில் அனுப்பினார்கள். கேரளத்தில் குழல்பணம் என்பார்களே, அதேதான். அதில் வீட்டுக்கு ரூபாய் வந்து சேர்ந்துவிடும், டாலர் நாட்டுக்குள் நுழையாது. 2021இல் வங்கி வழியாக வந்தது சுமார் 550 கோடி, 2022இல் 380 கோடி அளவுதான்.

மூன்றாவது வழி, புதுக்கடன். நோயும் வரிக்குறைப்பும் சேர்ந்து வருவாய் சரிந்ததைப் பார்த்ததும், கடனுக்கு மதிப்பெண் போடும் நிறுவனங்கள் 2020 செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இலங்கையின் தரத்தை, கடன் திரும்பி வருவது சந்தேகம் என்று பொருள்படும் குப்பைத் தரத்திலும் கீழே தள்ளின. அதன் பிறகு டாலர் பத்திரம் விற்க முடியாது. வாங்குபவர் இல்லை.

பணக்கார நாடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. அமெரிக்கா பெருந்தொற்றுக் காலத்தில் லட்சம் கோடிக் கணக்கில் டாலரைக் கடன் வாங்கித் தன் மக்களுக்குக் கொடுத்தது. கடனும் டாலரில், அச்சிடுவதும் டாலர். ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் நாடோ, செலவு செய்தே ஆக வேண்டிய நேரத்தில் கடன் கிடைக்காமல் நிற்கிறது. நோய்க்கு மருத்துவமனை வேண்டும், தடுப்பூசி வேண்டும், வேலையிழந்த வீட்டுக்கு ஒரு தொகை வேண்டும். இலங்கை ஊரடங்கில் வறிய குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. அதற்கான பணத்தில் ஒரு பகுதியை மத்திய வங்கி அரசின் பத்திரங்களை வாங்கி உருவாக்கித் தந்தது. சரக்கு கூடாமல் ரூபாய் மட்டும் கூடினால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது.

உலகம் உதவவில்லையா என்று கேட்கலாம். 2020 மே மாதத்தில் ஜி-20 நாடுகள் ஏழை நாடுகளின் கடன் தவணைகளைத் தள்ளிவைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 73 நாடுகளுக்குத் தகுதி இருந்தது. நடுத்தர வருமான நாடு என்று கணக்கிடப்பட்ட இலங்கை அதில் இல்லை. பரம ஏழையும் இல்லை, பணக்காரனும் இல்லை என்பவனுக்கு எந்த வாசலும் திறக்காது.

டாலரை மிச்சப்படுத்தப் போய்

வருவது நின்றால் போவதை நிறுத்து என்று முடிவெடுத்தார்கள். 2020இல் வாகன இறக்குமதிக்குத் தடை. மஞ்சளுக்கும் தடை. மஞ்சள் இல்லாத தமிழ்ச் சமையலறையும் சிங்களச் சமையலறையும் உண்டா? அதிலும் கிருமிநாசினி என்று எல்லோரும் மஞ்சளைத் தேடிய நேரம் அது. விலை பல மடங்கானது. ராமேசுவரம், தூத்துக்குடிக் கரைகளில் மூட்டை மூட்டையாகக் கடத்தல் மஞ்சள் பிடிபட்ட செய்திகள் நினைவிருக்கலாம்.

அடுத்தது உரம். 2021 மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதியை அடியோடு தடை செய்தார்கள். மக்களின் ஆரோக்கியத்துக்காக என்று அறிவித்தார்கள், டாலர் மிச்சமாகும் என்ற கணக்கும் பின்னால் இருந்தது. இயற்கை வேளாண்மை நல்லதுதான். ஆனால் ஒரு நாடு முழுவதையும் ஒரே போகத்தில் அதற்கு மாற்ற முடியாது என்று எந்த விவசாயியும் சொல்லியிருப்பார். நெல் விளைச்சல் சரிந்தது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். மலையில் தேயிலைச் செடி காய்ந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவாகக் குறைந்தது. ஆண்டுக்கு 130 கோடி டாலர் அளவுக்குச் சம்பாதித்துத் தரும் செடியின் வாயில் போட வேண்டிய உரத்தைப் பிடுங்கி டாலரை மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள். கொழுந்து குறைந்தால் பறிப்பவர்களுக்கு வேலை நாளும் குறையும். இதை எங்கள் உறவினர்கள் அன்றே போனில் சொன்னார்கள்.

இவ்வளவும் நடக்கும்போது கடனைத் திருப்பிக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. 2020 அக்டோபரில் 100 கோடி டாலர், 2021 ஜூலையில் 100 கோடி, 2022 ஜனவரியில் 50 கோடி என்று முதிர்ந்த பத்திரங்களுக்கு நாள் தவறாமல் கொடுத்தார்கள். கையிருப்பு 2020 முடிவில் 570 கோடி, 2021 முடிவில் 310 கோடி. அதிலும் ஒரு பெரும் பகுதி சீனாவுடனான நாணய ஏற்பாட்டில் கிடைத்த சீன யுவான், நினைத்தபடி எடுத்துச் செலவிட முடியாதது. அப்போதே கடன்காரர்களை அழைத்துப் பேசியிருக்க வேண்டும், பன்னாட்டு நாணய நிதியத்திடம் போயிருக்க வேண்டும் என்று அந்நாட்டுப் பொருளாதார அறிஞர்களே எச்சரித்தார்கள். கேட்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் இங்கேதான். மருந்து வாங்க வேண்டிய டாலர் பத்திரக்காரர்களின் கைக்குப் போனது, அதனாலும் நாடு தப்பவில்லை.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. எண்ணெயும் கோதுமையும் விலை ஏறின. மார்ச்சில் ரூபாயைப் பிடித்து வைத்திருந்த கையை விட்டார்கள். 200இல் நின்றது மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. எரிபொருள் இல்லாமல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கொடுக்க இயலாது என்று அரசு அறிவித்தது. மொத்த வெளிக்கடன் அப்போது சுமார் 5,100 கோடி டாலர். உடனடியாகப் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று மே மாதம் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். 760 கோடியில் தொடங்கிய கணக்கு இப்படி முடிந்தது.

லெபனானிலும் இதே வரிசையைப் பார்க்கலாம், இன்னும் வேகமாக. 2020 மார்ச்சில், கொரோனா நுழைந்துகொண்டிருந்த நாட்களிலேயே அது கடன் தவறியது. ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியது. தாமிரத்தை நம்பியிருந்த ஜாம்பியா அந்த நவம்பரில் தவறியது. மூன்று நாடுகளிலும் நோய்க்கு முன்பே கடன் தலைக்கு மேல் இருந்தது.

மலையில் விழுந்த அடி

நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1,000 ரூபாயானது. அன்று அதன் மதிப்பு சுமார் 5 டாலர். 2022 நடுவில் அதே 1,000 ரூபாய் 3 டாலருக்கும் குறைவு. யாரும் சம்பளத்தை வெட்டவில்லை. அரசிதழில் அறிவித்த தொகை அப்படியே இருந்தது. நாணயத்தின் மதிப்பு விழுந்தே வெட்டிவிட்டது.

டாலர் கணக்கு நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் காலையும் மாலையும் ரொட்டி, அது கோதுமை மா. இலங்கையில் கோதுமை விளைவதில்லை, ஒவ்வொரு மணியும் டாலர் கொடுத்து வாங்கியது. ஆகவே நாட்டிலேயே மிகக் குறைந்த கூலி வாங்குபவர்களின் உணவு, டாலர் விலையோடு மிக நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைவாசிக் குறியீட்டில் ஓராண்டு உயர்வு 70 சதவீத அளவு, உணவுப் பொருளில் 95 சதவீத அளவு. நாட்டின் வறுமை விகிதம் ஒரே ஆண்டில் இரட்டிப்பாகி நான்கில் ஒருவர் ஏழை என்றானதாக உலக வங்கி கணக்கிட்டது. தோட்டப் பகுதியில் அது இன்னும் கூடுதல்.

பெருந்தொற்றால் பள்ளி மூடிய நாட்களில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய பிள்ளைகள் இடுக்கியிலும் உண்டு, அங்கேயும் உண்டு. வேறுபாடு பிறகு தெரிந்தது. இங்கே பள்ளி திறந்ததும் திரும்பப் போனார்கள். அங்கே பள்ளி திறந்தபோது பஸ்ஸுக்கு டீசல் இல்லை, நோட்டுப் புத்தகம் எட்டாத விலையில். நோயின் இழப்பை ஈடுகட்ட வேண்டிய ஆண்டுகளை நெருக்கடி தின்றுவிட்டது. மருந்தும் அப்படித்தான். தேவையில் பெரும்பகுதி இறக்குமதி, எனவே தள்ளிப்போட்ட அறுவைச் சிகிச்சைகள் மேலும் தள்ளிப்போயின.

இந்தியா அந்த ஆண்டில் சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கடனாகவும் பிற வகையிலும் கைகொடுத்தது. தமிழ்நாடு அரசு அரிசி, பால்மாவு, மருந்து ஏற்றிய கப்பல்களை அனுப்பியது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 300 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, வரியை உயர்த்த வேண்டும், மின்கட்டணத்தைச் செலவுக்கு ஏற்ப ஏற்ற வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. வரிசைகள் மறைந்தன, விலை ஏற்றம் அடங்கியது. ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. விலை ஏறும் வேகம்தான் குறைந்தது. செய்தி படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

கடைசியாக, கடனைச் சீரமைத்தபோது, அதாவது வட்டியையும் தவணையையும் மாற்றி எழுதியபோது, இழப்பில் யார் பங்கு கொடுத்தார்கள் என்பது. 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கும் திட்டத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. அதில் வங்கிகளின் கையில் இருந்த ரூபாய் அரசுப் பத்திரங்களைத் தொடவில்லை, தொட்டால் வங்கிகள் சரியும் என்றார்கள். தொட்டது ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகாலச் சேமிப்புகளை. பழைய பத்திரங்களைக் கொடுத்து, 2025 வரை 12 சதவீதமும் பிறகு 9 சதவீதமும் தரும் புதிய பத்திரங்களை வாங்கிக்கொள்ள வேண்டும், மறுத்தால் நிதியின் வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி. விலைவாசி 70 சதவீதம் ஏறி முடிந்த நாட்டில் இதுதான் சேமிப்புக்குக் கிடைத்த வட்டி. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெறப்போகும் பெண்ணின் பணமும் அந்த நிதியில்தான் இருக்கிறது. 2019இல் வரிக்குறைப்பால் லாபம் பார்த்த நிறுவனங்களிடம் அந்த ஆண்டுகளின் வரியை யாரும் திரும்பக் கேட்கவில்லை.